ஷார்ட்கட் சாரும் சாய்ந்த கோடும்

என் அக்காள் புருஷனைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர், நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து கேட்டார்கள். "வீட்டுக்காரங்க எழுதினா நல்லா இருக்கும் மேடம். உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றார்கள். உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். மலரில் போட மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் எழுதாமல் விட்டால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

முதலில் நல்லதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நேரம் தவற மாட்டார். குரல் கணீரென்று கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். நல்லது அவ்வளவுதான்.

ஊரில் அவருக்கு ஷார்ட்கட் சார் என்று பெயர். டயர் கடைக்கு மேலே மாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரசு ஆசிரியர் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் டியூஷன் நடத்துகிறார். படி ஏறும்போதே ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறும். ஏறி முடித்தால் சுவர் முழுக்க அவர் படம். கையைக் கட்டிக்கொண்டு மேலே எதையோ பார்க்கிறார், தலையைச் சுற்றிக் கூட்டலும் கழித்தலும் பறக்கின்றன. கீழே "யோசிக்காதே, போடு" என்று எழுதியிருக்கும். அவரே எழுதிய வாசகம். கணக்கு சொல்லிக் கொடுக்கிற இடத்தில் யோசிக்காதே என்று போர்டு மாட்டிய மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அவர் வாத்தியார் ஆன கதை சின்னதுதான். இளவயதில் வேறொரு பெரிய டியூஷன் வாசலில், அங்கே படிப்பவர்களின் நோட்ஸை வாங்கி ஜெராக்ஸ் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். விற்று விற்று நோட்ஸ் மனப்பாடமாகிவிட்டது. மனப்பாடம் ஆனதைத் தெரிந்துகொண்டது என்று நினைத்துவிட்டார். அந்த நினைப்பிலேயே ஒரு பட்டமும் வாங்கினார், அதே நினைப்பில் மாடியை வாடகைக்குப் பிடித்தார். அன்று முதல் இன்று வரை குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். சட்டிக்கு வெளியே நின்று கைதட்ட வருஷா வருஷம் ஒரு கூட்டம் சேருகிறது.

அக்கா கணக்கில் மேல்படிப்பு படித்தவள். ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். கல்யாணம் ஆன புதிதில் அவள் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோது, "ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு வாத்தியார் போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அது வேடிக்கைப் பேச்சு இல்லை, சட்டம் என்று அவளுக்குப் புரிவதற்குள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. வேலைக்குப் போகவில்லையே தவிர வேலை செய்யாமல் இல்லை. டியூஷனில் வைக்கும் பரீட்சைப் பேப்பர் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே திருத்துவாள், மாமா கடைசியில் கையெழுத்துப் போடுவார். "சார் எவ்வளவு பொறுமையா திருத்தறாரு" என்று பெற்றோர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

அவர் பரவளையம் நடத்துவதை நான் ஒருமுறை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுச் சாவியை வாங்க மாடிக்குப் போயிருந்தேன். பலகையில் நான்கு படம் போட்டிருந்தார்: வலதுபுறம் வாய் திறந்த வளைவு, இடதுபுறம், மேலே, கீழே. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சமன்பாடு. குவியம் என்றொரு புள்ளி கொடுப்பார்கள், இயக்குவரை என்றொரு கோடு கொடுப்பார்கள், அதை வைத்து வளைவின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் கணக்கு.

"புள்ளியைப் பாக்காத, கோட்டைப் பாரு. கோடு ரெண்டே வகை. நிக்கும், இல்ல படுக்கும். சாயுமா?" என்று கேட்டார்.

"சாயாது சார்" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

"நின்னா முதல் ரெண்டு படம். படுத்தா அடுத்த ரெண்டு படம். எந்தப் படமோ அந்த ஃபார்முலா. விடையில xy வந்தா?"

"அடிச்சுடணும் சார்."

"ஏன்?"

அந்த ஏனுக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "ஏன்னா பரவளையத்துல xy வராது" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்தார்.

மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போன பிறகு, அக்கா அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். அதற்கு வயது வரம்பு உண்டு. அடுத்த தேர்வு வருவதற்குள் அவள் அதைத் தாண்டிவிடுவாள். எழுதினால் இந்த முறைதான் எழுத வேண்டும்.

"இதுதான்டி எனக்குக் கடைசி. எனக்குன்னு ஒரு ஸ்டாஃப் ரூம், எனக்குன்னு பூட்டு போட்ட ஒரு டிராயர். அதுல என் பேனா, என் டிபன் பாக்ஸ், நானே கையெழுத்து போடற பேப்பர் கட்டு. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் என்னிடம். அவள் வாயிலிருந்து எனக்கு என்ற சொல்லை அவ்வளவு தடவை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மாமாவிடமும் சொன்னாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எழுதேன், யாரு வேணாம்னா" என்றார்.

எனக்கு வார விடுமுறை வரும் நாளில் அக்கா வீட்டுக்குப் போவேன். அவள் படிப்பாள், நான் காய் நறுக்கிக் கொடுப்பேன். ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல், "இந்தப் பரவளையம் பரவளையம்ங்கிறியே, அது என்னதான்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன்.

அக்கா கூடத்தின் நடுவில் ஸ்டூலைப் போட்டாள். "ஸ்டூல் ஒரு புள்ளி. அதோ அந்தச் சுவர் ஒரு கோடு. உனக்கும் ஸ்டூலுக்கும் எவ்வளவு தூரமோ, உனக்கும் சுவருக்கும் அதே தூரம் இருக்கற மாதிரி நட. எங்கயும் கூடக்குறைய ஆகக்கூடாது."

இரண்டுக்கும் நட்டநடுவில் ஆரம்பித்தேன். பக்கவாட்டில் ஓரடி போனால் ஸ்டூல் தூரமாகிவிட்டது, அதனால் சுவரை விட்டும் விலக வேண்டியிருந்தது. இன்னும் போனால் இன்னும் விலகல். கடைசியில் வளைந்து போய் பீரோவில் முட்டிக்கொண்டேன்.

"நீ நடந்ததுதான் பரவளையம். அந்தத் தூரம் ரெண்டையும் எழுதி, ரெண்டும் சமம்னு போட்டா சமன்பாடு வந்துடும். இதுக்கு மேல அதுல ஒண்ணும் கிடையாது" என்றாள்.

"சுவர் கோணலா இருந்தா?"

"கோணலா இருந்தா நடக்க மாட்டியா? சுவருக்கு நேர் எதிரா நின்னு அளந்துக்க. அளக்கறது அதேதான்."

"இதையே மாமா ஏன் இப்படிச் சொல்லித் தர மாட்டேங்கறாரு?"

"அவருக்கு ஸ்டூல் தெரியாதுடி. நாலு படம்தான் தெரியும்" என்றாள். வருத்தமாகவும் சொல்லவில்லை, நக்கலாகவும் சொல்லவில்லை. பழகிப்போயிருந்தது.

தேர்வு நடந்தது. கொஞ்ச நாளில் சரியான விடைகளையும் தற்காலிகத் தேர்வுப் பட்டியலையும் சேர்த்தே வெளியிட்டார்கள். பட்டியலின் கடைசிப் பெயர் அக்காவுடையது. கடைசியானால் என்ன, உள்ளே இருக்கிறாள் அல்லவா. போனில் என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. நானும் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நோயாளியின் கையில் ஊசியை வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். அந்த மனிதர் எனக்கு ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

அதே நாளில்தான் டயர் கடை மாடியில் தீப்பிடித்தது. நிஜத் தீ இல்லை. தேர்வில் ஒரு கேள்வி வந்திருந்தது: குவியம் (1, 1), இயக்குவரை x + y = 0, பரவளையத்தின் சமன்பாடு என்ன? கோடு நிற்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது. கொடுத்திருந்த நான்கு விடைகளிலும் xy இருந்தது. ஷார்ட்கட் சாரின் பிள்ளைகள் சொன்ன பேச்சு தட்டாதவர்கள். நான்கையும் அடித்துவிட்டு, கேள்வியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த ஒரு மார்க்கில் பாதிப் பேர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாமா அப்படியே சொன்னார். கேள்வியே தவறு, ரத்து செய்து எல்லோருக்கும் மார்க் போட வேண்டும் என்று தேர்வு வாரியத்துக்கு மனு எழுதினார். அந்த முத்து முத்தான கையெழுத்தில்தான்.

அவர் மனு கொடுக்கப் போவதற்கு முன்னால் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து அதன் மேலேயே வைத்தாள்.

"அந்தக் கணக்கை நான் போட்டிருக்கேங்க. சரியா வந்துச்சு. பாருங்க."

தாளில் நாலைந்து வரிகள்தான் இருந்தன. புள்ளியிலிருந்து தூரம், கோட்டிலிருந்து தூரம், இரண்டின் வர்க்கமும் சமம், பிறகு பெருக்கிப் பிரித்து எழுதியது. கடைசி வரி x² − 2xy + y² − 4x − 4y + 4 = 0. மாமா முதல் வரியைப் பார்க்கவில்லை. நேரே கடைசி வரிக்குப் போனார்.

"xy வந்திருக்கே" என்று சிரித்தார். "அங்கயே தப்பு."

"தப்பு இல்லீங்க. (2, 0)ங்கிற புள்ளியைப் போட்டுப் பாருங்க. குவியத்துலேர்ந்தும் கோட்டுலேர்ந்தும் அது ஒரே தூரம். சமன்பாட்டுல போட்டா பூஜ்யம் வருது."

"பரீட்சையில புள்ளி வச்சுப் பாக்க யாருக்கு நேரம் இருக்கு?"

"இது பரீட்சை இல்லீங்க, நம்ம வீடு. இப்ப நேரம் இருக்கு. போட்டுப் பாருங்க."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா கையில் இருந்தது. நாலில் எட்டைக் கழித்து நாலைக் கூட்டுகிற வேலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும். அவர் செய்யவில்லை. பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அக்கா விடவில்லை. "இந்தக் கேள்வியை ரத்து பண்ணி எல்லாருக்கும் மார்க் போட்டா, எனக்குப் பின்னாடி இருக்கறவங்க எல்லாரும் மேல ஏறிடுவாங்க. எனக்கு அந்த மார்க் ஏற்கெனவே இருக்கு, புதுசா ஒண்ணும் ஏறாது. நான் கடைசியில இருக்கேன். என் பேரு போயிடும்."

"தப்பான கேள்வியில வந்த மார்க்கை வச்சு வேலைக்குப் போறது உனக்கே அசிங்கமா இல்லியா?" என்றார்.

எனக்கு வாயில் வந்ததை அப்படியே எழுதினால் இந்தத் தாள் பொசுங்கிவிடும். "மாமா, கேள்வி தப்பில்ல, நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு. அதை மூடி மறைக்க அக்கா வேலையில கை வைக்கறீங்க" என்றேன்.

"ரத்தம் எடுக்கற பொண்ணுக்குப் பரவளையம் எதுக்கு?" என்றார்.

"எடுத்தா உங்க உடம்புலதான் எடுக்கணும். அதுல சூடு சொரணை எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்" என்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே போய் என்னை அதட்டவில்லை. குழாயைத் திறந்து விட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். தேர்வு வாரியத்தின் வாசலில் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்தார்கள். மாமா மைக் பிடித்தார். "சாயாத கோட்டைச் சாய்த்தவர்கள் யார்?" என்று கேட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. வாரியத்தில் இருந்தவர்களுக்கு அது சரியான கேள்வி என்று தெரியாமல் இல்லை. ஆனால் பாடத்திட்டப் புத்தகத்தில் போட்டிருந்த படங்களில் கோடு நிற்கவோ படுக்கவோதான் செய்தது. வாசலில் கூட்டம் கலையவில்லை. கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று நோகாமல் ஒரு அறிவிப்பை ஒட்டி, எல்லோருக்கும் ஒரு மார்க் என்று முடித்துக்கொண்டார்கள். தலைவலி விட்டால் போதும் என்பதற்குப் பெரிய பதவியில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் பெருந்தன்மை.

மாமாவைப் பிள்ளைகள் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்கள். பாதிப் படியில் ஒரு செருப்பு கழன்று டயர் அடுக்குக்குள் விழுந்தது. ஒற்றைச் செருப்போடு தெருமுனை வரை ஊர்வலம் போனார். மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. வெறுங்கால் தெரிந்ததால் எளிமையானவர் என்றும் எழுதியிருந்தார்கள்.

திருத்திய பட்டியல் வந்த அன்று நான் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டியலைப் போனில் மேலிருந்து கீழே பார்த்துவிட்டேன், கீழிருந்து மேலேயும் பார்த்துவிட்டேன். அக்காவின் பெயர் இல்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். "எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள். "யார் மேலன்னு கேக்காத." நான் கேட்கவில்லை. எனக்கும் அதே வயிறுதான் எரிந்துகொண்டிருந்தது.

மாலையில் ஒரு பெண் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். டியூஷனில் படித்தவள், நல்ல பெண், கண்ணெல்லாம் சந்தோஷம். பட்டியலில் கடைசிப் பெயர் இப்போது அவளுடையது.

"சார் மட்டும் போராடலன்னா எனக்கு இந்த வேலை கிடைச்சே இருக்காது மேடம்" என்று பெட்டியை அக்கா கையில் கொடுத்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாமா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பாராட்டுகளை எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்.

"சார், ஸ்கூல்ல சேந்ததும் முதல்ல பரவளையம்தான் நடத்தணுமாம். கொஞ்சம் பயமா இருக்கு. உங்க நோட்ஸ் ஒரு செட் கிடைக்குமா?"

"அதுக்கென்ன, தாராளமா" என்றார் மாமா. பிறகு அக்காவைப் பார்த்து, "அந்த நாலு படம் போட்ட நோட்ஸ் எடுத்துட்டு வா" என்றார்.

அக்கா போனாள். எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கும்போது, "பசங்க ஏன்னு கேட்டா திட்டாதம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டு, துள்ளிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

கதவு சாத்தியதும் மாமா பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அக்கா பக்கம் பெட்டியை நீட்டினார். அவள் எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் ஏதோ நினைவு வந்தவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. இது போனா என்ன, அடுத்த தடவை எழுதிக்கலாம். நம்ம கிளாஸ்லயே வந்து உக்காரு. உங்கிட்ட நான் ஃபீஸா கேக்கப்போறேன்?"

"அடுத்த தடவை எழுத முடியாது" என்றாள் அக்கா.

"ஏன்?"

"வயசு தாண்டிடும்."

தன்னிடம் படிக்கிற அத்தனை பேருக்கும் எந்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர் அவர். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அக்காவை அன்றுதான் முதல்முறை பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

"உனக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டார்.

அக்கா சொன்னாள். பிறந்த மாதத்தையும் சேர்த்துச் சொன்னாள். மாமா விரலை மடக்கி ஒருமுறை எண்ணினார், சரிபார்க்க இன்னொரு முறையும் எண்ணினார்.

"ஆமா, தாண்டுது" என்றார்.